பின்னச்சுக்கு ஒரு பொருத்தம்

மணமக்களுக்குப் பொருத்தம் பார்ப்பது நம்மவர் வழக்கம். பத்துப் பொருத்தங்களுள் ஏழெட்டு அமைந்தாற் போதும் என்று மனந்தேறுவாரும் உளர். ஆனால் இரும்பும் எஃகும் அத்தகைய தாட்சணியம் அறியமாட்டா. ஒரு பற்சக்கரம் மற்றொன்றோடு இயைவதாயின் முற்றும் இயைதல் வேண்டும். இன்றேல் மயிரிழை யளவான வேறுபாடும் சில நூறு மைல் ஓட்டத்துக்குள் இரண்டையும் அழித்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் யாம் வாழ்ந்திருந்த காலத்தே, 2022-ஆம் ஆண்டில், பழைய மோட்டார் வண்டி யொன்றின் பின்னச்சுக்கு உரிய ஓர் உறுப்பைத் தேடி ஐந்து திங்கள் அலைந்தோம். அத்தேட்டத்தில் யாம் கற்றவற்றை இம்மலரின் வாயிலாக மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்தெனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

முதற்கண், அவ்வுறுப்பு யாதென விளங்கவேண்டும். வண்டியொன்று வளைவிலே திரும்புங்கால், வெளிப்புறச் சக்கரம் நெடுந்தொலைவும் உட்புறச் சக்கரம் குறுந்தொலைவும் செல்கின்றன. மாட்டுவண்டியிற் சக்கரங்கள் தனித்தனியே சுழல்வதால் இதனால் இடர் ஒன்றும் இல்லை. இயந்திர வண்டியிலோ, ஒரே இயந்திரம் இரு சக்கரங்களையும் உந்தவேண்டும். உந்தப்படும் சக்கரங்களோ வெவ்வேறு விரைவிற் சுழலவேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே டிபரென்ஷியல் எனப்படும் பற்சக்கரக் கூட்டம். பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளராகிய ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர், நீராவி வண்டிக்கென 1820-களின் பிற்பகுதியில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இந்த அமைப்பில் ஒரு குறையும் உண்டு. அது முறுக்குவிசையை இரு சக்கரங்களுக்கும் சமமாகவே பகிர்ந்தளிக்கும். சமநீதி போலத் தோன்றும் இதுவே சேற்று நிலத்தில் அநீதியாக முடிகின்றது. ஒரு சக்கரம் சேற்றில் நின்று பற்றிழக்குமாயின், அதனைச் சுழற்ற மிகச் சிறு விசையே போதும். அச்சிறு விசைக்கு மேல் மற்றச் சக்கரத்துக்கும் கிடையாது. வலியது உறுதியான தரையில் நின்றும் வாளாவிருக்க, மெலியது சேற்றில் வீணே சுழலும், வண்டி நகராது.

இக்குறையை நீக்கவந்ததே வழுக்கலை வரையறுக்கும் டிபரென்ஷியல்; ஆங்கிலத்தில் லிமிடெட் ஸ்லிப் என்பர். ஜெர்மானிய வல்லுநராகிய ஃபெர்டினாண்ட் போர்ஷே, ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகளின் பின்சக்கரம் ஒன்று பெருவிரைவிலும் வீணே சுழலக் கண்டு, 1935-ஆம் ஆண்டில் இசட்.எஃப். நிறுவனத்தாரைக் கொண்டு இத்தகைய அமைப்பை உருவாக்குவித்தார். அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டின் பாக்கார்டு வண்டிகளில் இது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தத்தமக்கென ஒரு பெயர் சூட்டின: செவ்ரலே ‘பாசிட்ராக்ஷன்’ என்றது, பான்டியாக் ‘சேஃப்-டி-டிராக்’ என்றது, கிரைஸ்லர் ‘ஷூர்-கிரிப்’ என்றது, ஃபோர்டு ‘டிராக்ஷன்-லாக்’ என்றது. 1992-இல் வெளிவந்த ‘மை கஸின் வின்னி’ என்னும் திரைப்படத்தில், தரையிற் படிந்த இரட்டைச் சக்கரத் தடங்களை நோக்கி, இது பாசிட்ராக்ஷன் உடைய வண்டியின் தடமே என்று ஒரு பெண்மணி நீதிமன்றத்தில் நிலைநாட்டி, குற்றமற்ற இருவரை மீட்கின்றாள். அவ்வளவு தூரம் அந்நாட்டுப் பொதுமக்களின் பேச்சிற் கலந்துவிட்ட உறுப்பு இது.

இனி, யாம் கூறும் வண்டி 1967-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. ஆகும். நடுத்தர அளவுள்ள வண்டியிற் பெரிய வண்டிக்குரிய இயந்திரத்தைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலையில் விற்ற ‘மஸில் கார்’ மரபுக்கு 1964-இல் வந்த ஜி.டி.ஓ.வே முன்னோடி எனப் பலரும் கூறுவர். நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்பது அக்காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் விதி. பான்டியாக் பொறியாளர் 389 கன அங்குல இயந்திரத்தைத் தனி வண்டியாக அன்றி, விரும்புவோர் கேட்டுப் பெறும் கூடுதல் அமைப்பாக அறிவித்து அவ்விதியைக் கடந்தனர். முதலாண்டிலேயே 32,450 வண்டிகள் விற்றன. 1967-இல் இயந்திரம் 400 கன அங்குலமாக வளர்ந்தது. குதிரைத் திறன் 335. இத்துணை வலிமையும் இறுதியிற் சாலையைத் தொடுவது உள்ளங்கை யளவினவான இரண்டு ரப்பர்த் துண்டுகளின் வழியாகவே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அச்சு தாங்கும் அளவறிந்து ஏற்றுக என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்தியது இவ்விடத்துக்கும் பொருந்தும்.

அவ்வண்டிக்குரியவர் எம் அண்டை வீட்டு முதியவர். பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர். தம் இருபத்திரண்டாம் வயதில், தம் கைக்கூலியைச் சேர்த்து, தாமும் தம் தோழரும் உழைத்த நிறுவனத்தின் வண்டியைத் தாமே வாங்கினார். வழுக்கலை வரையறுக்கும் அமைப்புக்கு உரிய கூடுதற் பணம் அன்று அவரிடம் இல்லை. ஆகவே சாதாரண அச்சோடேயே வண்டி வீடுவந்து சேர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவ்வாறே ஓட்டினார். அதற்குள் பான்டியாக் என்னும் பெயரே 2010-ஆம் ஆண்டோடு விற்பனையினின்று மறைந்துவிட்டது.

அம்முதியவருக்குக் கண்ணொளி குன்றத் தொடங்கியிருந்தது. இன்னும் ஓராண்டோ ஈராண்டோ தான் தாம் ஓட்டமுடியும் என மருத்துவர் கூறியிருந்தனர். பேர்த்தி ஒருத்தி, வயது பத்தொன்பது, அவ்வண்டியைப் பெற்றுக்கொள்ள இருந்தாள். அவ்வாண்டு வசந்தத்தில் ஒரு மழைநாள் அவள் வீட்டுச் சரிவினின்று பெருஞ்சாலையிற் குறுக்கே திரும்புகையில், வலப் பின்சக்கரம் ஈரச்சருகின்மேல் ஏறி வீணே சுழல, வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. எதிரே வந்த சரக்கு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு சில முழத் தொலைவில் நின்றது. ஒருவருக்கும் தீங்கில்லை, ஆயினும் முதியவர் அன்றிரவு எம் வாயிலில் வந்து நின்று, “நண்பரே, அன்று பணமின்றி விட்டதை இன்று போடவேண்டும். என் கண் இருக்கும்பொழுதே அது முடியவேண்டும். உதவுவீரா?” என்று வினவினார். மறுக்க எம்மால் இயலவில்லை.

அச்சினுள் இருப்பது யாதென்பதைத் திறவாமலே அறிய ஒரு வழி உண்டு. இரு பின்சக்கரங்களையும் ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்தி, கியரை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையாற் சுழற்றவேண்டும். மற்றது எதிர்த்திசையிற் சுழலுமாயின் சாதாரண டிபரென்ஷியல். ஒரே திசையிற் சுழலுமாயின் வழுக்கலை வரையறுப்பது. தகடுகள் தேய்ந்துபோனால் பின்னதும் முன்னதைப் போலவே நடிக்கும் என்பதையும் மறத்தலாகாது. எம் வண்டியின் சக்கரங்கள் எதிரெதிரே சுழன்றன. பின்னர் மூடியைக் கழற்றிப் பற்களை எண்ணினோம்: கிரவுன் சக்கரத்துக்கு 39, பினியனுக்கு 11. ஆகவே விகிதம் ஏறக்குறைய 3.55.

இங்கேதான் பொருத்தம் பார்த்தல் தொடங்கிற்று. ஜி.டி.ஓ.வின் பின்னச்சு, மூடியிற் பத்துப் போல்ட்டுகளும் 8.2 அங்குலக் கிரவுன் சக்கரமும் உடையது. அதே காலத்துச் செவ்ரலே வண்டிகளிலும் பத்துப் போல்ட்டும் 8.2 அங்குலமும் உடைய அச்சு ஒன்று உண்டு. இரண்டும் ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள், பெயரும் ஒன்று, அளவும் ஒன்று. ஆயினும் ஒன்றன் உள்ளுறுப்பு மற்றொன்றிற் சேராது. ப்யூக், ஓல்ட்ஸ்மொபீல், பான்டியாக் ஆகிய மூன்றும் ஒரு குடும்பம். செவ்ரலே வேறு குடும்பம். முன்னதில் அச்சுத்தண்டுகளை வெளிமுனையிற் போல்ட்டிட்ட தகடு பிடித்து நிறுத்துகின்றது. பின்னதில் தண்டின் உள்முனையில் மாட்டிய, ‘சி’ எழுத்தின் வடிவான சிறு வளையம் நிறுத்துகின்றது. பெயரை மட்டும் நோக்கி வாங்குபவன் ஏமாறுவான்.

மேலும், ஒரே குடும்பத்துக்குள்ளும் வேற்றுமை உண்டு. விகிதம் மிகுந்தோறும் பினியன் சிறுக்கும். சிறுத்த பினியனைத் தொடக் கிரவுன் சக்கரம் அதனை நோக்கி நெருங்கவேண்டும். ஆகவே அதனைத் தாங்கும் கூட்டின் விளிம்பும் இடம் மாறும். செவ்ரலேயின் பன்னிரு போல்ட் அச்சுக்கு இக்காரணம் பற்றியே மூன்று வகைக் கூடுகள் உள்ளன. கிரைஸ்லரின் 8¾ அங்குல அச்சிலோ, வார்ப்பில் 741, 742, 489 என்னும் எண்களாற் குறிக்கப்பெறும் மூவகைப் பெட்டிகள் உண்டு. மூன்றிலும் பினியன் தண்டின் பருமன் வேறு வேறு. ஃபோர்டின் 9 அங்குல அச்சு முன்புறமாக முழுக் கூட்டத்தையும் கழற்றத்தக்கது. ஆயினும் அச்சுத்தண்டின் முனையிலுள்ள வரிப்பற்கள் சிலவற்றில் 28, சிலவற்றில் 31. ஆக, குடும்பம், கிரவுன் சக்கரத்தின் அளவு, விகிதம், வரிப்பற்களின் எண்ணிக்கை, தண்டு நிற்கும் முறை என்னும் ஐந்தும் ஒருங்கே அமைந்தாலன்றிப் பொருத்தம் இல்லை.

இவ்வைந்தையும் தெளிவாக எழுதி, வேறொரு மாநிலத்துப் பழைய உதிரிப்பொருள் வணிகர் ஒருவருக்கு அனுப்பினோம். தம்மிடம் உரிய பொருள் உண்டென்று உறுதிகூறி, எம் ஒருமாதச் செலவின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டு, பெட்டி யொன்றை அனுப்பினார். முதியவர் அதனைத் திறந்து விரலாற் தடவிப் பார்த்தார், கண்ணாற் காணுமுன்னரே, “இது செவ்ரலே, வளையம் மாட்டும் இடம் இருக்கின்றது, பாருங்கள்” என்றார். அவ்வாறே இருந்தது. யாம் எழுதிய கடிதத்தின் படியையே திருப்பி அனுப்பியும், ஆறு வாரம் வாதிட்டும், பொருளின் விலை மட்டும் மீண்டது, அனுப்புகூலி மீளவில்லை. இழந்த பணத்தினும் இழந்த ஆறு வாரமே எம்மை வருத்திற்று. ஏனெனில் அவ்வாறு வாரத்தில் முதியவர் செய்தித்தாள் படிப்பதை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையே நண்பர் பலர் எளிய வழிகள் கூறினர். பழைய அச்சையே நீக்கிவிட்டு, புதிதாகச் செய்து விற்கப்படும் பேரச்சொன்றை முழுமையாக மாட்டிவிடலாம் என்றார் ஒருவர். இரு சக்கரங்களையும் இறுகப் பிணைத்துவிடும் ‘லாக்கர்’ என்னும் கருவியைப் போடலாம் என்றார் மற்றொருவர். முன்னதற்கு முதியவர் உடன்படவில்லை. “அந்த அச்சு இவ்வண்டியோடு தொழிற்சாலையை விட்டு வந்தது. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றுவேன், அதனை வெளியே எறியமாட்டேன்” என்றார். பின்னது பந்தயத் திடலுக்கு உரியது. வளைவில் ஓசையோடு திடீரெனப் பிணைந்தும் விடுபட்டும் ஓட்டுவோரைத் திகைக்கச் செய்யும். இளம்பெண்ணுக்கு அது தகாது.

டிட்ராய்ட் நகரினின்று பான்டியாக் நகர் வரை செல்லும் உட்வர்ட் பெருஞ்சாலையில், 1995 முதல் ஆகஸ்டுத் திங்களிற் பழைய வண்டிகளின் ஊர்வலம் நிகழ்ந்து வருகின்றது. அதனை யொட்டி அவ்வட்டாரத்தே கூடிய பழம்பொருட் சந்தை யொன்றில், விபத்திற் சிதைந்த பான்டியாக் வண்டியிலிருந்து கழற்றிய சேஃப்-டி-டிராக் கூடு ஒன்றைக் கண்டோம். துருவும் கரியும் மூடிக் கிடந்தது. யாம் ஐந்து பொருத்தங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். எம் வண்டியின் பழைய தண்டொன்றைத் தோளிற் சுமந்து சென்றிருந்தமையால், அதனைக் கூட்டினுட் செலுத்தியும் பார்த்தோம். ஓசையின்றி உட்புகுந்தது. அவ்வொரு நொடியில் எம் உள்ளத்தே எழுந்த உவகையைத் தேர்வில் முதன்மை பெற்ற மாணவனே உணர்வான்.

வீட்டில் அதனைப் பிரித்தோம். பக்கப் பற்சக்கரங்களுக்கும் கூட்டுக்கும் இடையே மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டோடும் பற்சக்கரத்தோடும் இணைந்தவை. நடுவிலுள்ள சுருள்வில்கள் அவற்றை எப்பொழுதும் சிறிது அழுத்திநிற்கும். இயந்திரம் உந்துந்தோறும் பற்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையால் அவ்வழுத்தம் மிகும். இவ்வுராய்வே மெலிந்த சக்கரத்தின் வீண்சுழற்சியைத் தடுத்து, வலிய சக்கரத்துக்கு விசையைச் சேர்ப்பிக்கின்றது. தகடுகள் தேய்ந்திருந்தன, புதியன வாங்கினோம். வில்களை வாங்குங்காற்றான் உண்மையான வழக்கு எழுந்தது.

முதியவர் வலிய வில்களையே விரும்பினார். சாலை நடுவே நின்ற அந்த லாரி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. பேர்த்தியோ நூல்களைப் படித்திருந்தாள். “தாத்தா, ஈரச்சாலை வளைவில் நான் சற்று மிகுதியாக மிதித்துவிட்டால் என்ன ஆகும்? பழைய அமைப்பில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றொன்று பக்கவாட்டில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதிலோ இரண்டும் ஒருங்கே சுழலும். வண்டியின் வால் விலகிவிடும் அல்லவா?” என்றாள். அவள் கூறியது முற்றும் உண்மை. இவ்வுறுப்பு புதிதாகப் பற்று எதனையும் படைப்பதில்லை. இருக்கும் பற்றைப் பகிர்ந்து பயன்கொள்வது மட்டுமே அதன் தொழில். இரண்டு சக்கரமும் வழுக்குமிடத்தில் அதனால் நன்மை இல்லை; திருப்பத்தில் தீமையும் உண்டு. முதியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “நான் எனக்காக வாங்க நினைத்தேன். ஓட்டப்போகின்றவள் நீ” என்று மெல்லக் கூறி, மெலிய வில்களையே எடுக்கச் சொன்னார். புதிய டயர்கள் நான்கு வாங்கவும், காலியான மைதானத்தில் மழைநாளிற் பயிற்சி செய்யவும் அவள் உடன்பட்டாள். எம் ஐந்து பொருத்தங்களோடு, ஓட்டுவோர்க்கு இயைதல் என ஆறாவது ஒன்றும் உண்டென்பதை அன்று உணர்ந்தோம்.

பழைய பினியனை அசைக்காமல், கிரவுன் சக்கரத்தை மட்டும் புதுக் கூட்டில் மாற்றிப் பொருத்தினோம். பற்களுக்கு இடையே இருக்கவேண்டிய தளர்வு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு முதல் பத்துக் கூறு வரையே. பக்கங்களில் இடும் ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி அதனை அமைத்தோம். பற்களின்மேல் மஞ்சட் பசை தடவிச் சுழற்றி, தொட்ட இடத்தின் வடிவை நோக்கினோம். அளவுகருவியின் முள்ளை முதியவராற் காணமுடியவில்லை. பேர்த்தி எண்ணைக் கூற, அவர் கைகள் தகட்டைத் தேர்ந்தெடுத்தன. மூன்றாம் நாள் மாலை எட்டு என்று அவள் கூறினாள். அவர் தலையசைத்தார்.

கியர் எண்ணெயோடு, தகடுகள் அதிராமல் வழுக்குதற்கென ஒரு சேர்மானத்தையும் ஊற்றவேண்டும். முற்காலத்தில் இதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைப் பயன்படுத்தினர். அத்திமிங்கிலம் அழியும் நிலையிலுள்ள உயிராக 1970-இல் அமெரிக்க அரசினரால் அறிவிக்கப்பட்டபின் வேதியியலார் வேறு சேர்மானங்களை ஆக்கித் தந்தனர். ஒரு வண்டியின் வளைவு ஓசையைத் தணிக்கக் கடலிற் பேருயிர்கள் மாண்டன என்பது நினைக்குந்தோறும் வருத்தந் தருவது. இயற்கை நூல் பயிலும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

பின்னர், காலியான வண்டித்திடல் ஒன்றில், எட்டு என்னும் ஆங்கில எண்ணின் வடிவிற் பலமுறை மெதுவாக ஓட்டித் தகடுகளைப் பழக்கினோம். பேர்த்தி ஓட்ட, முதியவர் அருகிற் கண்மூடி அமர்ந்து செவியாற் கேட்டுவந்தார். முதலில் மெல்லிய முனகல் எழுந்தது. இருபதாவது சுற்றில் அடங்கிற்று. “இப்பொழுது சரி” என்றார். அக்டோபர் மழையில் ஒரு சக்கரம் ஈரச்சருகிலும் ஒரு சக்கரம் கற்றரையிலும் நிற்க, அவள் மெல்ல மிதித்தாள். வண்டி சிறிதே நடுங்கி, நேரே நகர்ந்தது. ஆரவாரமொன்றும் இல்லை. செவ்வனே பொருந்திய உறுப்பு தன் இருப்பை அறிவிப்பதில்லை.

அதன்பின் அவர் ஓட்டுவளையத்தைத் தொடவில்லை. சாவியைத் தம் கையாலேயே பேர்த்தியிடம் கொடுத்தார். ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு அவளே அவரை அழைத்துச் செல்லலானாள்.

இவ்வுறுப்பைப் பற்றி எண்ணுந்தோறும் எமக்கு ஒன்று தோன்றும். இரு சக்கரங்களையும் தொடர்பின்றி விட்டால் ஒன்று நழுவுகையில் மற்றது உதவாது நிற்கும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் எதுவும் திரும்பமுடியாது. ஒன்று தடுமாறும்பொழுது மட்டும் மற்றது தோள் கொடுத்து, அது தன் வழியே திரும்பவேண்டும்பொழுது சற்று விட்டுக்கொடுப்பதே நல்லமைப்பு. முதியோர்க்கும் இளையோர்க்கும், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே இருக்கவேண்டிய பிணைப்பும் இத்தகையதே. அப்பிணைப்பின் வில் எத்துணை வலியதாக இருத்தல் வேண்டும் என்பதைத் தருபவர் மட்டும் தனித்துத் தீர்மானித்தலாகாது. பெறுபவரையும் வினவுதல் வேண்டும். அம்முதியவர் அவ்வாறு வினவினார், விடையைக் கேட்டார், கேட்டபடி செய்தார். அவர் கற்றுத்தந்தவற்றுள் இதனையே யாம் எல்லாவற்றினும் மேலாகப் போற்றுகின்றோம்.